கிருபாபாய் அம்மையாரும் நம் வீட்டுப் பெண்மக்களும்

பெரியோர் ஒருவரை மறத்தற்கு இரண்டு வழிகள் உள. அவர் பெயரையே எடுத்துரையாது விட்டுவிடுதல் ஒன்று. பெயரைச் சொல்லி, குணத்தைப் புகழ்ந்து, அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை கூறாது எழுந்து போதல் மற்றொன்று. கிருபாபாய் சத்தியநாதன் அம்மையாரைத் தமிழ் பயில்வோராகிய நாம் முதல் வழியால் மறந்தோம். கிறிஸ்தவராகிய நாம் இரண்டாம் வழியால் மறந்தோம். இவ்விரு கூட்டத்திலும் சேர்ந்தவன் யான் ஆதலின், இரண்டையும் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

அம்மையார் 1862-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்து ஆமத்நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அரிபந்த் கிஸ்தி, பிராமண குலத்தினின்று கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியவர். பதினான்கு மக்களுள் அம்மையார் பதின்மூன்றாமவர். இளமையிலேயே தந்தையை இழந்த அவருக்கு மூத்த தமையனாராகிய பாஸ்கர் என்பவரே தந்தையும் ஆசானுமாய் நின்று அறிவுக் கண்ணைத் திறந்தார். அத்தமையனாரும் விரைவில் இறந்துபட்டார். பின்னர்ப் பம்பாயிலுள்ள மிஷன் பள்ளியிற் பயின்றபொழுது, அங்கிருந்த ஓர் அமெரிக்கப் பெண் வைத்தியரின் தொண்டைக் கண்டு, தாமும் வைத்தியராக வேண்டும் என்னும் வேட்கை கொண்டார். இங்கிலாந்து சென்று கற்பதற்கு உதவிப் பணம் கிடைப்பதாயிருந்தும் உடல்நலம் இடந்தரவில்லை. ஆகவே 1878-ல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். சென்னை வைத்தியக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களுக்குத் தன் வாயிலைத் திறந்துவிட்டது. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் அளிக்க இசைந்ததோ 1878-லேதான். ஆனந்திபாய் ஜோஷி அம்மையார் அமெரிக்காவில் வைத்தியப் பட்டம் பெற்றது அதற்கும் எட்டாண்டு கழித்து, 1886-ல். அப்படிப்பட்ட நாளில், பதினாறு வயதுப் பெண்ணொருத்தி மொழியும் ஊரும் புதியனவாகிய சென்னைக்கு வந்து, ஆடவர் பயிலும் கல்லூரியில் அமர்ந்து, உடற்கூறு கற்கத் துணிந்தாள் என்றால், அத்துணிவின் அளவை நாம் எளிதில் அறிய முடியாது. ஓராண்டு நன்கு பயின்றார். அதற்குமேல் உடல் தாங்கவில்லை, கல்வி நின்றது.

சென்னையில் அவரைத் தம் இல்லத்தில் வைத்துக் காத்தவர்கள் சத்தியநாதன் குருவானவரும் அவர் மனைவியார் அன்னாள் அம்மையாரும் ஆவர். அன்னாள் அம்மையார் பெண்கல்விக்காகப் பெரிதும் உழைத்தவர்; ‘நல்ல தாய்’ என்னும் தமிழ் நூலும் எழுதியவர். அவர்தம் புதல்வராகிய சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் கற்று மீண்டபின் கிருபாபாயை மணந்தார். இருவரும் உதகமண்டலத்தில் வாழ்ந்த காலத்தில் அம்மையார் முகம்மதியச் சிறுமியர்க்கென ஒரு பள்ளி தொடங்கினார். பின்னர் இராஜமகேந்திரத்திலும் கும்பகோணத்திலும் இருந்து சென்னை சேர்ந்தனர். தொடக்கத்தில் ‘ஓர் இந்தியப் பெண்’ என்று மட்டும் கையெழுத்திட்டு ஆங்கில இதழ்களுக்குக் கட்டுரை எழுதியவர், 1887-88-ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் ‘சகுணா’ என்னும் கதையைத் தொடராக வெளியிட்டார். ஒரே குழந்தையை அதன் முதலாண்டு நிறையுமுன் இழந்தார். நோய்ப்படுக்கையிலும் எழுதி ‘கமலா’ என்னும் இரண்டாம் கதையை முடித்தார். 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், முப்பத்திரண்டாம் வயதில், இவ்வுலகை நீத்தார்.

இவ்வரலாற்றைக் கேட்டவுடனே நம்மவர் வழக்கமாகக் கூறுவது ஒன்றுண்டு: “எத்துணைப் பொறுமை! எத்துணைப் பக்தி! நோயிலும் முறுமுறுக்காத உத்தமி!” இஃது உண்மையே. ஆயினும் இவ்வளவோடு நிறுத்திவிடுவதே யான் மேலே கூறிய இரண்டாம் மறதி. பொறுமையுடையோர் உலகிற் பலர். கிருபாபாய் அம்மையார் பொறுத்ததற்காக மட்டும் நினைக்கத்தக்கவர் அல்லர். பொறுக்க மாட்டேன் என்று எழுதியதற்காகவே நினைக்கத்தக்கவர். அவர் பொறுக்காதது யாது என்று பார்ப்போம்.

‘சகுணா’ பெரும்பாலும் அம்மையாரின் சொந்த வரலாறே. அக்கதையின் முற்பகுதியில் சகுணாவின் தாயாகிய ராதாவைக் காண்கின்றோம். கணவர் புது மார்க்கத்தைத் தழுவுகின்றார். அவரைப் பின்பற்றி ஊரும் உறவும் துறந்து வரவேண்டிய நிலை ராதாவுக்கு ஏற்படுகின்றது. கணவர்க்கு அது மனச்சாட்சி காட்டிய வழி. அவளுக்கோ முதலில் அது கணவன் காட்டிய வழியே. அவள் உள்ளத்து வேதனையை அம்மையார் மறைக்காது எழுதுகின்றார். நம் சபைகளிற் சொல்லப்படும் மனந்திரும்பிய வரலாறுகளில் இத்தகைய பெண்கள் ‘அவரும் அவர் வீட்டாரும்’ என்னும் தொகையுள் அடங்கிப் போகின்றனர். அத்தொகையைப் பிரித்து, வீட்டார் என்பவள் யார், அவள் என் செய்தாள், என் நினைத்தாள் என்று கேட்டவர் அம்மையார்.

அடுத்துச் சகுணாவின் இளமை. அவள் பிறந்தது கிறிஸ்தவ இல்லத்தில். அங்கே குழந்தை மணம் இல்லை. கைம்மைக் கொடுமை இல்லை. எனினும் பெண் புத்தகமும் கையுமாய் இருப்பது அவ்வில்லத் தாய்க்கும் பிடிக்கவில்லை. அடுப்பங்கரையும் வீட்டு வேலையுமே பெண்ணுக்குப் போதும் என்னும் பழைய எண்ணம், ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாமல் அப்படியே உடன் வந்துவிட்டது. தமையன்மார் படிக்கும் படிப்பில் தனக்கும் பங்கு வேண்டும் என்று நிற்கும் சிறுமியை நாம் அக்கதையிற் காண்கின்றோம். பெத்தானியா ஊரில் மார்த்தாளும் மரியாளும் வாழ்ந்த வீட்டுக்கு வந்த ஆண்டவர், பாதத்தருகே அமர்ந்து கேட்டவளைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பவில்லை. இதை ஆண்டுதோறும் பிரசங்கத்திற் கேட்கும் நாம், நம் வீட்டு மரியாளை மட்டும் ‘எழுந்து போய் வேலையைப் பார்’ என்று ஏவுகின்றோம் அன்றோ? சகுணாவின் கதை அந்த இடத்தைத்தான் சுட்டுகின்றது.

மேலும், மிஷன் இல்லங்களில் வெள்ளையர் சிலர் இந்தியக் கிறிஸ்தவரைத் தாழ்வாக எண்ணி நடத்தியதையும் அம்மையார் எழுதத் தயங்கவில்லை. அவர்களிடம் பெற்ற நன்மையை நன்றியோடு கூறிய அதே எழுதுகோல், அவர்கள் செருக்கையும் கூறிற்று. நன்றியுடைமை வாயடைத்துக்கொண்டு இருத்தல் அன்று என்பதை மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் அவரிடம் கற்றல் நலம்.

இனித் தமிழ் மாணாக்கனாய் நின்று ஒன்று கேட்பேன். நம் நாவல் இலக்கிய வரலாற்றைக் கற்பிக்கும்பொழுது நமக்குக் கூறப்படும் பெயர்கள் யாவை? மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-ல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்டார். 1887-ல் ‘சுகுணசுந்தரி சரித்திரம்’ வெளியிட்டார். இராஜமையர் 1893 முதல் ‘கமலாம்பாள் சரித்திரத்தை’ விவேக சிந்தாமணியில் எழுதினார். மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898-ல் வந்தது. சுகுணசுந்தரி, கமலாம்பாள், பத்மாவதி: தலைப்பெல்லாம் பெண்ணின் பெயர், எழுதிய கையெல்லாம் ஆணின் கை. இவற்றின் பெருமையை யான் குறைத்துக் கூறவில்லை. வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்காக வாதாடிய பெருந்தகை, அவரும் கிறிஸ்தவரே. ஆயினும் அவர் படைத்த ஞானாம்பாள் தன் அறிவின் முழு ஆற்றலையும் உலகிற்குக் காட்டுவது எப்பொழுது? ஆண் வேடம் பூண்டு அரசு கட்டிலில் அமர்ந்தபொழுதன்றோ! வேடம் கலைந்தபின் அவள் மீண்டும் இல்லத்துக்கே வருகின்றாள். ஒரு பெண் அரசாள வல்லவள் என்று எண்ணிய நல்லறிஞர்க்கும், அவள் பெண்ணுருவோடே அரசாள்வதை எண்ணிப் பார்த்தல் அந்நாளில் அரிதாயிருந்தது.

‘சுகுணசுந்தரி’ வந்த அதே 1887-ல், அதே சென்னை மாகாணத்தில், ‘சகுணா’ தொடங்கிற்று. ‘கமலாம்பாள்’ தொடராக வந்துகொண்டிருந்த நாளிலேயே, 1894-ல், ‘கமலா’ நூலாயிற்று. பெயர்களின் ஒப்புமை தற்செயலாயிருக்கலாம், வேறுபாடு அத்தகையதன்று. சகுணா எவ்வேடமும் பூணவில்லை. பெண்ணாகவே பள்ளிக்குச் செல்கின்றாள். பெண்ணாகவே தனக்கெனப் பார்த்த செல்வன் ஒருவனை வேண்டாம் என்கின்றாள். பெண்ணாகவே வைத்தியக் கல்லூரியின் படியேறுகின்றாள். ‘ஓர் இந்தியப் பெண்’ என்னும் முகத்திரையோடு எழுதத் தொடங்கிய ஆசிரியரும் அத்திரையை நீக்கித் தம் பெயரால் நின்றார். பெண்ணைப் பற்றி ஆண் எழுதுவதற்கும் பெண்ணே தன்னை எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர் இவ்விரண்டு வரிசையையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். நாமோ ஒரு வரிசையை மட்டும் படித்துத் தேர்வு எழுதுகின்றோம்.

“அம்மையாரின் தாய்மொழி மராட்டி, எழுதியது ஆங்கிலம். தமிழ் வகுப்பில் அவர்க்கென்ன இடம்?” என்று ஒருவர் கேட்கலாம். கால்டுவெல் ஐயர் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் ஆங்கில நூலே. அதனை நம்முடையதென்று மார்தட்டுகின்றோம். வீரமாமுனிவர் பிறந்தது இத்தாலியில்; அவரின்றி நம் உரைநடை வரலாறு இல்லை. அம்மையாரின் இரு கதைகளும் அவர் காலத்தையொட்டியே தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டன. அவர் கற்றதும் எழுதியதும் மறைந்ததும் சென்னையில். பிறப்பால் அயலாராகிய ஆடவர் இருவரைத் தமிழர் என்று தழுவிக்கொண்ட நாம், பெண்ணொருவர்க்கு மட்டும் பிறந்த ஊரைக் கேட்டு வாயிலில் நிறுத்துவது நேர்மையாகாது.

மற்றொரு தடை இதனினும் வலியது. “அம்மையார் மரபை எதிர்த்தார் என்கிறீர். சகுணா முடிவில் மணந்துகொண்டு இல்லறத்தில் அமர்கின்றாளே. பெண்கல்வியைப் பற்றிய கட்டுரைகளிலும், இல்லத்தின்மேல் பெண்ணுக்குள்ள செல்வாக்கையன்றோ அவர் பெரிதாய்ப் பேசுகின்றார்? இதில் எதிர்ப்பு எங்கே?” என்பது அத்தடை. இதனை மறைத்து அம்மையாரை இக்காலத்துப் போராட்டக்காரராக்கிக் காட்ட யான் விரும்பவில்லை. இல்லறத்தை அவர் இழிவென்று கருதவில்லை. இல்லம் பெண்ணின் பெரும்பணி என்றே நம்பினார். ஆனால் இல்லத்துக்குள் நுழையும் பெண் யாராக நுழைய வேண்டும் என்பதில் அவர் வேறுபட்டார். மணம் என்பது, தன் மனத்தால் ஆராய்ந்து தெளிந்த ஒருத்தி, தன்னை ஒப்பாகக் கருதும் ஒருவனோடு சேர்வதாக இருத்தல் வேண்டும். வேறு வழியின்மையால் விழும் குழியாக இருத்தலாகாது. சகுணாவின் மணத்துக்கு மதிப்பு உண்டாவது, அவள் முன்னொரு மணத்தை மறுத்தவள் என்பதனாலேயே. மறுக்க உரிமையில்லாதவளின் இசைவு இசைவாகுமா?

இதனை ‘கமலா’ இன்னும் தெளிவாக்குகின்றது. கமலா, மலைச்சாரலில் தனித்து வாழும் ஒரு பிராமணத் துறவியின் மகள். குழந்தைப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்டு மாமியார் வீடு சேர்கின்றாள். கணவனாகிய கணேஷ் படித்தவன். மனைவிக்கும் படிப்பிக்க முதலில் விரும்புகின்றான். வீட்டார் நகைக்கவே, அவ்விருப்பம் தளர்கின்றது. பின்னர் அவன் மனம் வேறொருத்தியிடம் செல்கின்றது. கணவனையும் குழந்தையையும் சாவுக்குக் கொடுத்துக் கமலா கைம்பெண்ணாகின்றாள். அவளை நெடுநாள் அன்பு பாராட்டி வந்த உறவினனாகிய இராமச்சந்திரன் மணக்க வேண்டுகின்றான். அவள் மறுத்து, எஞ்சிய வாழ்நாளைப் பிறர்க்கு உதவும் அறச்செயல்களில் கழிக்கின்றாள்.

இம்முடிவைக் கண்டு சிலர் வியப்பர். கைம்பெண் மறுமணத்தைப் பற்றி நாடெங்கும் வாதம் நிகழ்ந்த காலம் அது. கிறிஸ்தவப் பெண்ணொருவர் எழுதும் கதையில், கமலா மறுமணம் செய்துகொண்டாள், அல்லது ஞானஸ்நானம் பெற்றாள் என்று முடித்திருந்தால் மிஷன் வட்டாரம் மகிழ்ந்திருக்கும். அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. கமலாவை அவளுடைய மரபின் பிடியினின்று கதாசிரியரின் கையாலே பறித்தெடுக்க அவர் விரும்பவில்லை. அவள் பிறந்த சமயம் அவள் உள்ளத்தில் எத்துணை ஆழமாய் வேரூன்றியிருந்தது என்பதையும் காட்டினார். அதன் வழக்கங்கள் அவளை எவ்வாறு வருத்தின என்பதையும் காட்டினார். பிற சமயத்துப் பெண்ணின் துயரத்தை எழுதுவோர் அதனைத் தம் சமயத்தின் வெற்றிக்கொடியாக்கிக்கொள்ளாதது பெரிய நேர்மை. ஆகவே ‘கமலா’வைப் படித்துவிட்டு, ‘பார், அவர்கள் வீட்டில் இப்படி, நம் வீட்டில் அப்படியில்லை’ என்று கூறும் கிறிஸ்தவ வாசகன், அவ்வாசிரியரின் மற்ற நூலைப் படிக்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும். நம் வீட்டைப் பற்றி அவர் எழுதியது ‘சகுணா’.

இங்கேதான் நம் காலத்துக்கு வருகின்றோம். நம் இல்லங்களில் இன்று பெண்கள் படிக்கின்றார்கள்; பட்டமும் பெறுகின்றார்கள். அதனால் அம்மையாரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக நாம் எண்ணுகின்றோம். மகனை நோக்கி ‘என்ன படிக்கப் போகின்றாய்?’ என்று கேட்கும் அதே வாய், மகளை நோக்கி ‘எதுவரை படிக்கப் போகின்றாய்?’ என்று கேட்பதை நாம் கேட்டதில்லையா? கையிற் பணம் குறைந்தால் யாருடைய படிப்பு முதலில் நிற்கின்றது? பட்டத்தை மண அறிவிப்பில் பெயருக்குப் பின் சேர்க்கும் அணியாக எண்ணுவோர் நம்முள் இல்லையா? மணமன்றங்களில் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும்பொழுது, அப்பெண் அதிகாலையில் எழுந்து சமைப்பதை விரித்துரைக்கும் பிரசங்கியார், அவளே ஒரு நிலத்தைத் தேர்ந்து ஆராய்ந்து வாங்குகின்றாள் என்பதை விரைந்து கடந்து போவதேன்?

இவை பெண்கள் மட்டும் விடை கூறவேண்டிய கேள்விகள் அல்ல. அம்மையாரின் வரலாற்றில் ஆடவர் மூவரை நினைக்கின்றேன். தங்கைக்குக் கற்பித்த பாஸ்கர் ஒருவர். வந்தவளைத் தம் வீட்டில் ஏற்றுக் கல்லூரிக்கு அனுப்பிய சத்தியநாதன் குருவானவர் ஒருவர். எழுதும் மனைவியை எழுதவிட்ட கணவர் சாமுவேல் ஒருவர். கணேஷ் என்னும் கதைமாந்தனும் கெட்டவனாய்த் தொடங்கவில்லை. அவனும் படித்தவனே, மனைவிக்குக் கற்பிக்க ஆசைப்பட்டவனே. நாலு பேர் நகைத்தவுடன் விட்டுவிட்டான், அவ்வளவே. நம்மிற் பலர் பாஸ்கர் என்று தம்மை எண்ணிக்கொண்டு கணேஷாய் வாழ்கின்றோம். கல்லூரி மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, விடுமுறைக்கு வீடு சென்றதும், நம் உடையைத் தங்கை துவைக்கவும், நம் எச்சிற்றட்டைத் தங்கை எடுக்கவும், அவள் புத்தகம் மூடிக் கிடக்கவும் காண்கின்றோம். மூடிய புத்தகத்தைத் திறந்து கொடுப்பதற்குச் சட்டமும் சபைத் தீர்மானமும் வேண்டுவதில்லை.

ஆகவே இரண்டு செயல்களை முன்வைக்கின்றேன். ‘சகுணா’, ‘கமலா’ என்னும் இரு நூல்களும் ஆங்கிலத்தில் 1998-ல் ஆக்ஸ்போர்டு பதிப்பாக மீண்டும் வெளிவந்தன. தமிழிலும் அவற்றைப் புதிதாய்ப் பதிப்பித்து, வேதநாயகம் பிள்ளை, இராஜமையர் நூல்களோடு ஒருசேரப் படிக்கும்படி நம் தமிழ்ப் பேரவை ஆவன செய்தல் வேண்டும். தொடர் வந்த சஞ்சிகை ஒரு மிஷன் கல்லூரியின் சஞ்சிகை. அக்கடனை நினைத்தல் மிஷன் கல்லூரி மாணாக்கர்க்கே உரிய பணி. இரண்டாவது, படித்தபின் அவரைப் புகழ்வதை ஒரு நாளைக்கு நிறுத்திவைத்து, அவர் கேட்டதற்கு நம் வீட்டில் விடை என்ன என்று ஒவ்வொருவரும் பார்த்தல் வேண்டும்.

வைத்தியராக விரும்பியவர் ஆகவில்லை. உடல் இடந்தரவில்லை, காலம் கொடுக்கவில்லை. ஆனால் நோயின் இடம் இதுவென்று கைவைத்துக் காட்டும் வேலையை அவர் எழுத்தால் செய்து முடித்தார். மருந்தை உண்ணவேண்டியவர் நாமே.